ஏப்ரல் முப்பதுக்குள் ஒரு கடிதம்

ஏப்ரல் முப்பது, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு மலாக்காவில் என் வக்கீல் அலுவலகத்தின் பின்னறையில் கூடியிருந்தவர்கள் ஆறு பேர். மேசையின் தலைப்பக்கம் பராசக்தி அம்மா. புலாவ் செபாங் தமிழ்ப்பள்ளி நூலகக் குழுவின் தலைவர் அவர்தான். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, அவருடைய மகன் காண்டீபன். இடப்பக்கம், கதவை ஒட்டிய நாற்காலியில், மசாலா மில் ஹனிபா அண்ணன். கைப்பேசி அடித்தால் எழுந்து வெளியே போக வசதி என்று எப்போதும் அதையேதான் பிடிப்பார். அவருக்கு அடுத்து, மில்லை அவரோடு சேர்ந்து நடத்தும் மகள் நூர் ஹிதாயா. என் குமாஸ்தா சுசீலா கோப்பு அலமாரிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டிருந்தாள். மேசையின் கடைசியில், சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே, நான்.

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஒன்பது வருடமாக ஒவ்வொரு மாதமும் கடைசிப் புதன்கிழமை அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கடிகாரம் எதிரே இருப்பது அன்றுதான் உறுத்தியது. ஐந்து மணிக்குத் தபால் நிலையம் மூடும். அதற்குள் ஹனிபா அண்ணன் பெயரில் ஒரு கடிதம் போகாவிட்டால், முப்பத்தெட்டு வருடமாக அவர் மசாலா அரைக்கும் கடையில் அவருக்கு இருந்த உரிமை முடிந்துவிடும். அறையில் இருந்த ஆறு பேரில் இது தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் காண்டீபன், இன்னொருவர் நான்.

காண்டீபன் காலை பதினோரு மணிக்குத் தனியாக வந்திருந்தார். உட்காரும் முன்பே கதவைச் சாத்தினார்.

"பவானி அக்கா, கடையை வாங்க ஒரு பார்ட்டி வந்திருக்கு. சின்ன ஹோட்டல் போடப்போறாங்களாம். ஆனா காலி கட்டிடமா வேணும்."

"ஹனிபா அண்ணன் இருக்காரே, தம்பி."

"அவரு நோட்டீஸ் குடுக்கலையே." ஒப்பந்தத்தின் நகலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஐந்தாம் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "பதினோராம் பிரிவு. நீங்க எழுதினதுதான்."

நான் எழுதியதுதான். வாடகைக்கு இருப்பவர் மேலும் மூன்று வருடம் தொடர விரும்பினால், ஒப்பந்தம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பாக உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதித் தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டால் உரிமையாளர் மறுக்க முடியாது. பதிவுத் தபாலில் சேர்த்த நாளே தெரிவித்த நாள். ஒப்பந்தம் ஜூலை முப்பத்தொன்றில் முடிகிறது.

"இன்னிக்குத்தான் கடைசி நாள். நாளைக்குத் தொழிலாளர் தினம், எல்லாம் லீவு. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் அக்கா. இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருங்க, போதும்."

"நான் உங்க ரெண்டு பேருக்கும் வக்கீல்."

"தெரியும். அதனாலதான் நேர்ல வந்து சொல்றேன். நான் சொன்னது இந்த ரூமை விட்டுப் போகக் கூடாது. அதுவும் சட்டம்தானே?" சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து நகரமன்றக் கடிதங்களின் படங்களைக் காட்டினார். மூன்று கடிதங்கள். கூரை ஓடு மாற்ற வேண்டும், பின்சுவர் சாய்கிறது, உடனே கவனிக்கவும். "அப்பா இருந்தவரைக்கும் ஒட்டுப்போட்டே ஓட்டிட்டாரு. என்னால முடியாது லா. நான் யாரையும் ஏமாத்தல. பேப்பர்ல இருக்கிறதைத்தான் செய்றேன்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடம்.

அவர் போனதும் தேதிப் புத்தகத்தை எடுத்தேன். வக்கீல் தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலிருந்து நான் வைத்திருக்கும் பழக்கம் அது. பாத்திரக்கடை, துணிக்கடை, லாரி கம்பெனி, யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, யாருக்கு எந்தத் தேதியில் நினைவூட்டல் கடிதம் போட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். சனிக்கிழமைகளில் சுங்கை ரம்பாயில் தோட்டத்து மக்களுக்கு இலவசமாக மனு எழுதிக் கொடுக்கும்போதும் அதைத்தான் சொல்வேன்: வாயால் சொன்னது போதாது, எழுதுங்கள், தேதி போடுங்கள், நகல் வையுங்கள்.

ஜனவரிப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது: 'ஹனிபா மில், 11ஆம் பிரிவு, நினைவூட்டல்.' அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. அதுவும் என் கையால் போட்டது.

எப்படிப் போட்டேன் என்பது நன்றாக நினைவிருந்தது. நான் அவர்களுக்கு ஒப்பந்தம் எழுதிவந்த இருபத்தாறு வருடத்தில் அந்த மில்லுக்காக ஒரு நோட்டீஸ்கூடப் போனதில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹனிபா அண்ணன் தட்டில் பேரீச்சம்பழமும் நெய் பிஸ்கட்டும் புதிதாக அரைத்த மசாலாப் பொட்டலங்களும் வைத்துக்கொண்டு காண்டீபனின் அப்பா இராஜரட்ணம் ஐயா வீட்டுக்குப் போவார். ஐயா தேநீர் கொடுத்து, "இன்னும் மூண்டு வருசம்தானே, இரும்" என்பார். மாலையில் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "எழுதும் பிள்ளை" என்பார். நான் புது ஒப்பந்தம் எழுதுவேன். இரண்டு பக்கத்துக்கும் நானே. நமக்குள்ளே எதுக்கு ரெண்டு லாயர் என்று இரண்டு பேருமே சொல்வார்கள்.

ஐயா இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. வீடு பராசக்தி அம்மாவுக்கும் கடை காண்டீபனுக்கும் என்று உயிலில் இருந்தது. கடையின் பெயர் மாற்றம் போன நவம்பரில்தான் முடிந்தது. அதையும் நான்தான் செய்தேன். ஜனவரியில் ஹனிபா அண்ணன் வழக்கம்போலத் தட்டோடு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். பராசக்தி அம்மா தேநீர் கொடுத்திருக்கிறார். திரும்பும் வழியில் என் மேசையில் ஒரு மீன் மசாலாப் பொட்டலத்தை வைத்துவிட்டு, "சொல்லிட்டேன் லாயரம்மா, அக்கா சரின்னுட்டாங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

ஊருக்கெல்லாம் சொன்னதை நானே மறந்த இடம் அதுதான்.

மதியம் சாப்பிடவில்லை. காண்டீபன் சொன்ன விற்பனை விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் என் தொழில் போகும், போகவும் வேண்டும். ஆனால் அந்தச் சிவப்புக் கோடு காண்டீபனின் ரகசியம் இல்லை. அது ஹனிபா அண்ணனுக்கு நான் செய்த தவறு. அதை அவரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். காண்டீபன் வந்திராவிட்டால் இன்று அந்தப் புத்தகத்தைத் திறந்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். திறந்திருக்க மாட்டேன். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் முள் குத்தியது. கடைசியில் இரண்டு முடிவு எடுத்தேன். சொன்னால் காண்டீபன் எதிரிலேயே சொல்வேன், முதுகுக்குப் பின்னால் இல்லை. சொன்ன கையோடு இந்தக் கடை விஷயத்தில் இருவருக்கும் வக்கீலாக இருப்பதை விட்டுவிடுவேன்.

கூட்டம் தொடங்கியது. முதல் விஷயம், நூலக அலமாரியில் கரையான்.

"தமிழ்ப் புத்தகத்த மட்டும் பாத்து திங்குதாம்," என்றார் ஹனிபா அண்ணன். "பிள்ளைங்களவிட அதுக்குத்தான் படிப்புல ஆர்வம்."

"அத்தா, அந்த அலமாரிக்கு இரும்பு வாங்கலாம்னு போன வருஷமே சொன்னேன்," என்றாள் நூர் ஹிதாயா. "நீங்கதான் பலகை நல்ல பலகைன்னீங்க."

"நல்ல பலகைதான். கரையானும் அதையேதான் சொல்லுது."

பராசக்தி அம்மா சிரித்தார். சுசீலாவும் சிரித்தாள். காண்டீபன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி மூன்று இருபத்தைந்து.

இரண்டாவது விஷயம், வாசிப்புப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துவரப் பஸ். வழக்கமாக இந்தக் கூட்டங்களில் எல்லோருக்கும் முன்னால் கார்ச் சாவியைக் கையில் எடுப்பவர் காண்டீபன். அன்று அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஒரே கம்பெனிகிட்ட கேட்டா எப்படி? இன்னும் ரெண்டு இடத்துல விசாரிக்கலாம்லா. சீட் பெல்ட் இருக்கா? டிரைவர் யாரு? சிஸ்டர், அந்த டிரைவர் லைசென்ஸ் பாத்தீங்களா?"

"போன வருஷமும் அதே டிரைவர்தான்," என்றாள் ஹிதாயா. "உங்களத்தான் முன்சீட்டுல உக்கார வச்சோம். மறந்துட்டீங்களா?"

"அது போன வருஷம்."

நேரத்தைத் தின்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அவர் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும் முள் ஒரு கோடு நகர்ந்தது. கூட்டக் குறிப்பில் 'சீட் பெல்ட்' என்று இரண்டு முறை எழுதியிருந்தேன். மூன்று நாற்பத்தெட்டுக்குப் பேனாவை மூடினேன்.

"தலைவரம்மா, ஒரு விஷயம் சொல்லணும். பள்ளிக்கூட விஷயம் இல்ல. ஹனிபா அண்ணனுக்கு நான் செஞ்ச ஒரு தப்பு."

"அக்கா," என்றார் காண்டீபன். சாய்ந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டார். "வேணாம்."

"என்னோட தப்ப மட்டும்தான் சொல்றேன், தம்பி. நீங்க இருக்கும்போதே சொல்றேன்." ஹனிபா அண்ணன் பக்கம் திரும்பினேன். "அண்ணே, உங்க மில் ஒப்பந்தத்துல பதினோராம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. தொடர்ந்து இருக்கணும்னா உரிமையாளருக்கு எழுத்துல சொல்லணும். வாயால சொன்னா போதாது. ஜனவரியிலேயே உங்களுக்கு நான் ஞாபகப்படுத்திக் கடிதம் போட்டிருக்கணும். போடல. அந்தக் கடிதம் போறதுக்குக் கடைசி நாள் இன்னிக்கு."

ஹனிபா அண்ணன் முகத்தில் இன்னும் கரையான் சிரிப்பு மிச்சம் இருந்தது.

"நான்தான் அக்காகிட்ட சொல்லிட்டேனே. அக்கா, சொன்னேன்ல?"

"ஓம், சொன்னவர்," என்றார் பராசக்தி அம்மா. "தட்டும் கொண்டு வந்தவர். நான் இரும் எண்டுதான் சொன்னனான். இதுக்கு ஏன் பிள்ளை கடிதம்?"

"அம்மா, நீங்க சொன்னது கணக்கில்ல," என்றார் காண்டீபன். குரல் உயர்ந்துவிட்டது. "பவானி அக்கா, காலையில நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? இப்ப என்ன பண்றீங்க? நாளைக்கே உங்க மேல புகார் எழுதுவேன்."

"எழுதுங்க. எழுத உங்களுக்கு உரிமை இருக்கு."

"காலமையோ?" பராசக்தி அம்மா மகனைப் பார்த்தார். "காலமை நீ இங்க வந்தனியோ? எதுக்கு?"

அது நான் சொல்லக் கூடாதது. காண்டீபன்தான் சொன்னார். "விக்கப் போறேன்மா. காலியா வேணும்னு கேக்குறாங்க. அது என் கட்டிடம். அந்தச் சுவர் யார் தலையில விழுந்தாலும் என்னைத்தான் பிடிப்பாங்க, உங்கள இல்ல, இவரையும் இல்ல."

ஹனிபா அண்ணன் மெதுவாகப் பேசினார். "தம்பி, மெஷின் கீழ நாலடி கான்கிரீட் போட்டிருக்கேன். உங்க அப்பா பக்கத்துல நின்னு பாத்தாரு. பழைய டவுன்ல இனிமே புதுசா மில் லைசென்ஸ் யாருக்கும் குடுக்க மாட்டாங்க. மில்லத் தூக்கிட்டு எங்க போகச் சொல்றீங்க?"

"அதுக்குத்தான் அண்ணே மூணு மாசம் டைம் இருக்கு."

"முப்பத்தெட்டு வருஷத்துக்கு மூணு மாசமா? நல்லா இருக்கு தம்பி. ரொம்ப தாராளம்."

ஹிதாயா எழுந்துவிட்டாள். "அத்தா, சண்டை அப்புறம் போடலாம். மணி என்ன? லாயரம்மா, நீங்களே எழுதிக் குடுங்க, அத்தா கையெழுத்து போடட்டும்."

"என்னால எழுத முடியாதும்மா." இதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "இந்த நிமிஷத்துலேர்ந்து இந்தக் கடை விஷயத்துல நான் அவருக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. வேற வக்கீலைப் பாருங்க. கிடைக்கலன்னா நீங்களே எழுதுங்க. உங்க ஒப்பந்த நகல் சுசீலாகிட்ட இருக்கு."

"இத்தன வருஷமா எங்க எல்லாக் கடிதத்தையும் நீங்கதான் எழுதினீங்க," என்றாள். "இன்னிக்கு ஒருநாள் பாத்து முடியாதா?"

சுசீலா கொடுத்த நகலைப் பிடுங்கிக்கொண்டு ஹிதாயா தகப்பனை இழுக்காத குறையாக வெளியே கூட்டிப் போனாள். பராசக்தி அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, மகன் நீட்டிய கையைப் பிடிக்காமல், தானே படியிறங்கினார். காண்டீபன் பின்னால் ஓடினார். மணி நான்கு நான்கு.

இரண்டு கடிதங்கள் எழுதினேன். இரண்டிலும் ஒரே விஷயம்: குறிப்பிட்ட கடை தொடர்பாக உங்களுக்கு வக்கீலாகச் செயல்படுவதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். ஹனிபா அண்ணன் கடிதத்தில் மட்டும் என் தவறைக் கூடுதலாக இரண்டு வரியில் எழுதி, அதனால் நட்டம் வந்தால் என் மேல் வழக்குப் போட அவருக்கு உரிமை உண்டு என்றும் சேர்த்தேன். தேதி போட்டேன், நேரமும் போட்டேன். சுசீலா நகல் எடுத்தாள். உறைகளை ஒட்டி எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

தபால் நிலையத்தில் விடுமுறைக்கு முந்தின நாள் கூட்டம். சீட்டு இழுத்தேன், எண் ஆயிரத்து எண்பத்தாறு. மணி நான்கு முப்பத்தாறு. கவுண்டர் முகப்புகள் இரண்டுதான் திறந்திருந்தன. ஐந்து நிமிடம் கழித்து ஹனிபா அண்ணனும் ஹிதாயாவும் மூச்சு வாங்க உள்ளே வந்தார்கள். அவர்கள் எண் ஆயிரத்து எண்பத்தொன்பது.

என்னைப் பார்த்தும் ஹிதாயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹனிபா அண்ணன்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் சட்டையில் எப்போதும்போல மல்லித்தூள் வாசனை.

"ரெண்டு லாயர் ஆபீஸ்ல ஏறி இறங்கினோம். ஒருத்தர் கோர்ட்டுல, ஒருத்தர் லீவு. அப்புறம் இவளே மலாய்ல எழுதிட்டா. நான் சலாம் சொல்லி, வீட்டுல எல்லாரும் சுகமான்னு கேட்டு எழுதச் சொன்னேன். அதுக்கெல்லாம் இடம் இல்ல அத்தான்னு அடிச்சுட்டா. மரியாதையே இல்லாத கடிதமா இருக்கு லாயரம்மா."

உறை அவர் முழங்காலில் இருந்தது. வாய் இன்னும் ஒட்டவில்லை. முகவரி ஹிதாயாவின் தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தது. வீட்டு எண் சரி, அம்மாவும் மகனும் இருக்கும் வீடு. சாலை சரி. பெயர்: புவான் பராசக்தி, அதாவது திருமதி பராசக்தி.

என் கண் அந்தப் பெயரிலேயே நின்றது. உரிமையாளருக்கு என்கிறது பிரிவு. அந்தக் கடிதம் இப்படியே போனால், போகாததற்குச் சமம். காண்டீபன் சற்று முன்புதான் அம்மாவிடம் சொன்னார், நீங்க சொன்னது கணக்கில்ல என்று. இதற்கும் அதையேதான் சொல்வார், சட்டமும் அவரோடு சேர்ந்து சொல்லும்.

கூட்டத்தில் அவர் 'என் கட்டிடம்' என்று கத்தினாரே, இவர்கள் காதில் விழவில்லையா? நான் கேட்காமலே ஹனிபா அண்ணன் பதில் சொன்னார். "தம்பி என் கட்டிடம் என் கட்டிடம்னு குதிக்கிறாரு. அத்தா வச்சுட்டுப் போனத எல்லாப் பிள்ளையும் என்னுதுன்னுதான் சொல்லும். அக்கா இருக்கிறவரைக்கும் அக்காதானே."

ஆயிரத்து எண்பத்தைந்து என்று பலகையில் எரிந்தது. மணி நான்கு நாற்பத்தேழு.

என் கையில் இருந்த இரண்டு உறைகளும் இன்னும் போகவில்லை. வாயால் சொன்னது போதாது, அவை போகும்வரை நான் காண்டீபனுக்கும் வக்கீல்தான். அவருடைய வக்கீலாக இருந்துகொண்டு எதிர்ப் பக்கத்துக் கடிதத்தைத் திருத்துவது எந்த வகையிலும் நியாயமில்லை. சும்மா இருந்தால், இன்னொரு சிவப்புக் கோடு. என் எண் எப்போது வரும் என்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்தைந்தாம் எண்காரர் பார்சலுக்கு வெளிநாட்டு முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்கு ஐம்பத்தொன்றுக்கு என் எண் வந்தது. உறைகளைக் கொடுத்தேன். முகப்பிலிருந்த பெண் இரண்டு ரசீது கிழித்துத் தந்தாள். அவற்றை மடித்துப் பையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். இப்போது நான் யாருக்கும் வக்கீல் இல்லை. நில அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன். அது போதுமான காரணமா என்று புகாரை விசாரிப்பவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். கேட்கும் நாளில் இதே வரிசையில் எழுதிக் கொடுப்பேன்.

"ஹிதாயா," என்றேன். "கடையோட பட்டாவுல நவம்பர்லேர்ந்து இருக்கிற பேரு காண்டீபன். நில ஆபீஸ்ல யார் போனாலும் பாக்கலாம். நான் சொல்றது அவ்வளவுதான்."

அவள் என்னை ஒரு கணம் முறைத்தாள். பிறகு உறையைப் பார்த்தாள்.

"அத்தா! பேரு தப்பு!"

"என்னது?"

"புது உறை வேணும். அண்ணே, ஒரு உறை குடுங்க, சீக்கிரம்!" இரண்டாவது முகப்பில் இருந்தவரிடம் ஓடி ஓர் உறையோடு திரும்பினாள். கடிதத்தை வெளியே இழுத்து மேலே இருந்த பெயரை அடித்து, பக்கத்தில் காண்டீபன் பெயரை எழுதினாள். "இங்க கையெழுத்து போடுங்க. அடிச்ச இடத்துக்குப் பக்கத்துல."

"அப்ப அக்காவுக்கு?"

"அக்காவுக்கு நாளைக்கு நேர்ல போய்ப் பேசுங்க. போடுங்கத்தா!"

பேனா எழுதவில்லை. என் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். ஹனிபா என்று எழுதுவதற்குள் ஆயிரத்து எண்பத்தொன்பது எரிந்துவிட்டது. காவலாளி வாசல் இரும்புக் கதவைப் பாதி இழுத்துவிட்டான். மணி நான்கு ஐம்பத்தேழு.

ஹிதாயா புது உறையில் காண்டீபன் பெயரையும் அதே முகவரியையும் எழுதி, கடிதத்தை மடித்து உள்ளே தள்ளினாள். ஹனிபா அண்ணன் உறையின் வாயை ஒட்டி, ஓரத்திலிருந்து ஓரம்வரை கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார், மசாலாப் பொட்டலத்தை மூடுவதுபோல. முகப்புப் பெண் பட்டை ஒட்டினாள், நேரம் பதிந்த ரசீதை நீட்டினாள், உறையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அவர் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாக்சிக், லெபாஸ் லா," என்றாள் அவள், விடுங்கள் மாமா என்று மலாயில்.

அவர் கையை விட்டார். அவள் அதைப் பின்னால் இருந்த தபால் பையில் போட்டு, பையின் வாயைக் கட்டினாள்.